சேகரின் பாய்லரை நான் உடைத்தேன்

என் சின்னவனே, சேகரா,

நீ போய் ஒரு வருஷமும் பத்து நாளும் ஆகிறது. ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. உன் பாய்லரை நான் உடைத்துவிட்டேன்டா.

உன் பொம்மை நீராவி இஞ்சினைச் சொல்கிறேன். வியாழக்கிழமைச் சந்தையில் பழைய இரும்போடு கிடந்ததை நீதானே தூக்கி வந்தாய். சக்கரமும் சிலிண்டரும்தான் மிச்சம். செய்தவன் பெயர்த் தகடுகூடக் கழன்று போயிருந்தது. எந்தத் தேசத்தானாக இருந்தால் என்ன, இவ்வளவு நறுக்காகக் கடைந்தவன் நம்ம ஆளுதான் என்றாய். ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து அதற்கொரு பித்தளை பாய்லரும் விசிலும் செய்தாய். அது ஊதினால் உன் மகள் உஷா சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

நீ மஞ்சள் காமாலையில் படுத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது உன் கமலாவின் அண்ணன் விழுப்புரத்திலிருந்து வந்திருக்கிறார். வரும் ஞாயிறு தங்கையையும் குழந்தையையும் அழைத்துப் போகிறார். நான் என்ன சொல்லித் தடுப்பேன்? உஷா கேட்டது ஒன்றுதான். அப்பா இஞ்சின் ஒருதரம் ஊத வேண்டும், பிறகு அதைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும்.

குழந்தை பக்கத்தில் உட்காருவாளே என்று எனக்குப் பயம். இருபது வருஷம் பாய்லரோடு மாரடித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? நெருப்பு மூட்டும் முன் தண்ணீர் நிரப்பி, ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதானே நம் ஃபாக்டரி ஷாப்பில் வழக்கம். கைப்பம்பு ஒன்று இரவல் வாங்கி வந்தேன். ஒரு சாண் பொம்மைக்கு மின்நிலைய பாய்லருக்குச் செய்கிற சோதனை. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்தேன். நீ பற்றவைத்த மூட்டு பிளந்து தண்ணீர் என் மடியில் கொட்டியது.

ஏன்டா நான் நிறுத்தவில்லை? உன் வேலையைப் போய் எதற்குச் சந்தேகப்பட்டேன்?

பற்றவைத்துவிடலாம் என்று காஸ் டார்ச்சை எடுத்தேன். ஏற்றினேன். அணைத்தேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைத்தேன். நிமிர்ந்தால் உஷா வாசலில் நிற்கிறாள். நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா ஒட்டித் தருகிறேன், பழையபடி ஊதும் என்றேன். அவள் வந்து பாய்லரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நக்கோ, வேணாம் பெரியப்பா. நீங்க ஒட்டினா உங்களுது ஆயிடும். எனக்கு அப்பா பண்ணதுதான் வேணும்."

ஒட்டாவிட்டால் இது ஊதாதம்மா என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதைத் தன் பாவாடையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

இந்த ஒரு வருஷமும் அவளுக்கு நான்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சேகரா. பிள்ளையில்லாத வீட்டுக்கு நீ விட்டுப் போனவள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பேன்?

அந்தப் பிளவில் என் கை படாது. நாளை அவளே ஒட்டச் சொல்லிக் கடிதம் போட்டால் ஒழிய, நான் டார்ச்சைத் தொட மாட்டேன். உன்மேல் ஆணை.

இனி அவளுக்குப் பெரியப்பா மட்டுமான,
உன் அண்ணன்
முருகேசன்