வாப்பாவுக்குப் பரவவில்லை

காரைக்கால்
9.9.1986

அன்பு மகன் நூர் அகமதுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒன்று, சனிக்கிழமை துபாய்க்கு ஏறிய நம் தெரு பீர் மைதீன், உன் வாப்பாவைப் பற்றி உன்னிடம் சொன்னது தப்பு, அவன் மேல் குற்றமில்லை, நாங்கள் சொல்லி அனுப்பியதே தப்பு. பதறிப்போய் வேலையை விட்டுவிட்டு டிக்கெட் எடுத்துவிடாதே.

வாப்பாவின் ஒரு கிட்னியை எடுத்தபோதே, இந்தப் புற்று லட்சத்தில் ஒருவருக்கு வரும் ரகம், சத்தமில்லாமல் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விடும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்கள் அல்லவா, அதற்காகப் போன வாரம் மெட்ராஸ் போனோம். பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து, மூச்சைப் பிடி, விடு என்று சொல்லிச் சொல்லி, ரொட்டி நறுக்குகிற மாதிரி உடம்பை வில்லை வில்லையாகப் படம் எடுக்கிறார்கள், கத்திதான் இல்லை. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடு ஏறிவிட்டதாம், அதற்கு அந்த நர்ஸிடம் உன் வாப்பா ஒரு சண்டை. படங்களைப் பார்த்த டாக்டர் அவசரமாக நடந்துகொண்டே "பரவலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது "பரவால்லம்மா". ஏதோ சுமார், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பீர் மைதீனிடமும் அதையே சொன்னோம்.

உன் தங்கை ஷரீபுன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை, நேற்று போஸ்டாபீஸுக்குப் போய் டாக்டருக்கு டிரங்க்கால் போட்டாள். அவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லைன்னு சொல்லலம்மா, பரவலன்னு சொன்னேன். நெஞ்சு, ஈரல், எலும்பு, எங்கயும் பரவல" என்றாராம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதை மட்டும் விடக்கூடாது என்றாராம்.

மூன்று மாதமாக எதைப் போட்டாலும் தலையைக் குனிந்து தின்றுவிட்டு எழுந்துபோன மனுஷன், இன்று மத்தியானம் சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தில் புளி தூக்கல், இதை மனுஷன் தின்பானா என்று தட்டைத் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது மகனே, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய் முழுவதையும் தின்று முடித்தார்.

வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. நோன்புப் பெருநாளுக்கு லீவு கேட்டு நிம்மதியாக வா. உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் அல்லாஹ் தரட்டும்.

உன் உம்மா
பத்ருன்னிசா