பிடித்த கதாபாத்திரம்

பிப்ரவரி 11, செவ்வாய்

என் நாவலின் இரண்டாம் பாகம் வெளிவந்து மூன்று வாரம். பதிப்பகத்திலிருந்து வாசகர் கடிதங்களை மொத்தமாக அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வலைத்தளத்தில் ஒரு படிவம் இருக்கிறது: பெயர், பிடித்த கதாபாத்திரம், சொல்ல விரும்புவது. காலையில் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். பிடித்த கதாபாத்திரம் இருள்வேந்தன் என்று நூற்று எழுபத்தாறு பேர். இளவரசி, முப்பத்து மூன்று. வைத்தியன், மூன்று.

அந்த மூன்றில் ஒன்று நான் போட்டது.

வைத்தியனைத்தான் நாயகனாக எழுதினேன். இளவரசியை மீட்க மலையேறி வருகிறவன். ஒரு பெண் எழுதுகிறாள்: "உங்க வைத்தியனைப் பார்த்தா எங்க மாமா ஞாபகம் வருது மேடம். நல்லவர்தான், ஆனா பேச ஆரம்பிச்சா தூக்கம் வருது." இளவரசியைக் கோபுரத்தில் பூட்டி வைக்கிற இருள்வேந்தனுக்கோ 'வேந்து' என்று செல்லப் பெயர்.

சாயங்காலம் வாலு கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்தாள். என் தங்கை. முப்பத்திரண்டு வயது, எனக்கு இன்னும் வாலுதான். மாடி அறைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "எத்தனை பேர் அவனைத் திட்டினாங்க?" என்று கேட்டாள். நிறையப் பேர் என்று சொல்லிவிட்டேன்.

இருள்வேந்தன் யார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கிரீடத்தையும் கருப்பு அங்கியையும் கழற்றினால் அவள் புருஷன். "நான் படிக்க மாட்டேன், ஆனா நீ எழுது. ஒருத்தியாவது படிச்சிட்டு உஷாரா இருப்பா" என்று அவள்தான் சொன்னாள்.

பிப்ரவரி 13

இன்றும் நாற்பது. வேந்து, வேந்து, வேந்து. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பிப்ரவரி 20, வியாழன்

புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. நாற்காலி போதாமல் படிக்கட்டில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசைப் பெண் கையில் ஒரு கோப்பை. அதில் அச்சடித்திருந்தது: 'நான் உன்னை உள்ளே பூட்டவில்லை. உலகத்தை வெளியே பூட்டியிருக்கிறேன்.'

அந்த வாக்கியம் என் கற்பனையே இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வாலுவிடம் அவன் சொன்னது. அவள் அழுதுகொண்டே எனக்குச் சொல்ல, ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டேன். படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும் என்று. அதில் இப்போது காபி குடிக்கிறார்கள்.

ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "எனக்கும் வேந்து மாதிரி ஒருத்தர் கிடைப்பாரா?" என்றாள். கிடைக்கக் கூடாது என்றேன். கடையே சிரித்தது. விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன், கேளுங்க— இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மார்ச் 3, திங்கள்

எடிட்டர் போன் செய்தார். மூன்றாம் பாகத்தில் இளவரசிக்கும் வேந்தனுக்கும் கல்யாணம் வேண்டுமாம். "வாசகிகள் கேட்கறாங்க மேடம். அவன் சின்ன வயசுக் காயத்தை நீங்கதானே எழுதினீங்க? அப்புறம் எப்படி வெறுப்பாங்க?"

அந்தக் காயமும் அவர் கேட்டு எழுதியதுதான். 'வில்லன் வெறும் வில்லனா இருக்கான், உள்ளே ஏதாவது வேணும்' என்றார். ஒரே காலையில் எழுதிக் கொடுத்தேன். ஏழு வயது வேந்தனை அவன் அப்பா தானிய அறையில் பூட்டுகிறார். கதவில் பதினேழு ஓட்டை. அவற்றின் வழியே வரும் வெளிச்சப் புள்ளிகளை எண்ணியே பயத்தை அடக்கப் பழகுகிறான். ஏன் பதினேழு? எழுத உட்கார்ந்திருந்தபோது எதிரே என் செருப்பு அலமாரி. அதன் கதவில் காற்றுக்காகப் போட்ட ஓட்டைகள் பதினேழு. அவ்வளவுதான் என் கற்பனை.

நூற்று எழுபத்தாறு பேரும் அழுதது என் செருப்பு அலமாரிக்காக.

மார்ச் 9, ஞாயிறு

மாடியில் வாலு கட்டிலில் குப்புறப் படுத்து இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருந்தாள். கடையில் கூட வேலை பார்க்கிற பெண் கொடுத்தாளாம். படிக்க மாட்டேன்னு சொன்னியே என்றேன்.

"நல்லா எழுதியிருக்கே அக்கா. நான்தான் அவரை ஒரு பக்கமா மட்டும் பார்த்துட்டேனோ?"

 கீழே வந்து கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 11

கணினியில் என் வாசகர் கடிதங்களை எல்லாம் அவள் திறந்து படித்திருக்கிறாள். மூடக்கூட இல்லை.

மார்ச் 15, சனி

இரண்டு வாரமாக அவன் கடைக்குப் போன் செய்கிறானாம். இன்றுதான் சொன்னாள். முகம் கழுவி, தலை வாரி, புதிதாக ஒரு தெளிவோடு சொன்னாள்.

"சின்ன வயசுல அவரை அவங்க அப்பா ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டுவாராம் அக்கா. கதவுல பதினேழு ஓட்டையாம். எண்ணிக்கிட்டே இருப்பாராம். இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொன்னதில்லையாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செருப்பு அலமாரி முன்னால் நிறுத்தினேன். எண்ணு என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி விரல் வைத்து எண்ணினாள். பதினேழு.

"இதைப் பார்த்து நான் எழுதினதுடி. அவன் என் புத்தகத்தைப் படிச்சிட்டு உன்கிட்ட ஒப்பிக்கிறான்."

"எல்லாக் கதவுலயும்தான் ஓட்டை இருக்கு."

"பதினேழா?"

"ஏதோ ஒண்ணு உனக்குத் தோணி எழுதியிருக்கே. தப்பாவா தோணும்? அத்தனை பேர் படிச்சிட்டு அவரை மன்னிச்சுட்டாங்க. அவ்வளவு பேருமா முட்டாளுங்க?"

அது கதை, அது பொய், எடிட்டர் கேட்டாங்கன்னு எழுதினேன்— கத்தினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். வாசகர் சந்திப்பில் நிஜத்தைச் சொல்லியும் யாரும் நம்பவில்லையே, அதேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் தங்கைக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 16

போய்விட்டாள். ஒரே பெட்டி. என் புத்தகங்கள் இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

வாலு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், குரல் தள்ளிக் கேட்டது. நல்லா இருக்கேன், கடை வேலையை விட்டுட்டேன், வீட்லயே நிறைய வேலை. பின்னாலிருந்து அவன் குரல்: "அக்கா, அந்த ரெண்டு தட்டு நல்லா எழுதியிருக்கீங்க. ரசிச்சுப் படிச்சேன்."



இரண்டாம் பாகத்தில் இளவரசி சுவரில் இரண்டு முறை தட்டுவாள். தோழிக்கு மட்டும் அது புரியும், ஓடி வருவாள். நிஜத்தில் அது தட்டு அல்ல. வாலு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம்: எங்காவது மாட்டிக்கொண்டால் இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள், நான் ஒன்றும் கேட்காமல் போய்க் கூட்டி வருவேன். ஒன்றரை வருடத்துக்கு முன் காரை எடுத்துக்கொண்டு போனதும் அந்த இரண்டு ரிங்குக்காகத்தான். காட்சி நன்றாக வரும் என்று அதையும் எடுத்துப் போட்டேன்.

இனி எந்த போனில் எப்படி அடித்தாலும் அவனுக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை நானே அச்சில் ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கல்யாணம் உண்டா இல்லையா என்று இப்போது போனிலேயே கேட்கிறார்கள். யாரோ என் நம்பரைப் பரப்பியிருக்கிறார்கள். இளவரசியை வைத்தியனோடு சேர்த்தால் புத்தகத்தை எரிப்பேன் என்று ஒருத்தி காலை ஆறு மணிக்குத் திட்டினாள். நம்பரை மாற்றிவிட்டேன். புதிய நம்பரை வாலுவுக்கு அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. அவள் அனுப்பியதா?

எடிட்டர் சொன்னார்: "கடிதங்களைப் படிக்காதீங்க மேடம். உங்க உடம்பைப் பாருங்க." அதுதான் சரி. இனிப் படிப்பதில்லை. வருவது வந்து குவியட்டும்.

ஏப்ரல் 19

ஒரு வரியும் எழுதவில்லை. வாலு போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 30, புதன்

நாள் முழுக்க வீட்டில்தான். மத்தியானம் நல்ல தூக்கம், ஒன்றரையிலிருந்து நாலரை வரை. கடிதங்கள் படிப்பதை நிறுத்தியதிலிருந்து தூக்கம் வருகிறது.

மே 9, வெள்ளி

எடிட்டரிடமிருந்து ஒரு செய்தி: "கல்யாணத்துக்கு எத்தனை ஆதரவுன்னு நீங்களே ஒரு தடவை பாருங்க மேடம்." திறந்தேன். ஒரு மாதக் குவியல். சும்மா கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன். பிடித்த கதாபாத்திரம்: வேந்து. வேந்து. என் வேந்து. இருள்வேந்தன். தோழி.

தோழியா? இதுவரை ஒருவரும் தோழியைச் சொன்னதில்லை.

'பெயர்: வாலு. பிடித்த கதாபாத்திரம்: தோழி. சொல்ல விரும்புவது: அக்கா, தெருமுனைக் கடைக்கார அம்மா போன்ல எழுதறேன். என் போன் அவர்கிட்ட. உன் புது நம்பர் மனசுல நிக்கல. புத்தகத்துப் பின்னட்டையில இந்த முகவரிதான் இருக்கு. புதன்கிழமை மத்தியானம் அவர் வெளியூர் போறார். ரெண்டு மணிக்கு கேட்கிட்ட நிப்பேன். காரை எடுத்துட்டு வா.'

அனுப்பிய நாள் ஏப்ரல் 28.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஒன்றரையிலிருந்து நாலரை வரை.

ஐயோ. ஐயோ என் தங்கமே.

மே 10, சனி

அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்க அக்கா, சொல்லாமக் கொள்ளாம!" என்று சிரித்தான். கேட்டில் புதிதாகப் பூட்டு தொங்கியது. வாலு ஈரத் தலையோடு உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அளவு புத்தியாவது மிச்சம் இருந்தது.

"ரெண்டு நாள் என்கூட வந்து இரேன்."

"போயிட்டு வாயேன், யார் தடுத்தா?" என்றான் அவன். கதவைக்கூட இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைத்தான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா, இங்க வேலை இருக்கு" என்றாள்.

அவன் போன் அடித்தது. உள்ளே போனான். நான் அவள் கையைப் பிடித்தேன். 

"நாலு மணி வரைக்கும் நின்னேன் அக்கா" என்றாள். ஒரு கண் உள் அறைமேலேயே இருந்தது. "பக்கத்து வீட்ல பார்த்துட்டு அவர்கிட்ட சொல்லிட்டாங்க."

"நான் கடிதங்களைப் படிக்கலடி. தூங்கிட்டேன். இப்ப வா. அப்படியே வா, செருப்புகூட வேண்டாம்."

தலையை ஆட்டினாள். "இப்ப முடியாது." ஏன் என்று கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை. என் கையைத் தட்டிக் கொடுத்தாள், நான்தான் சின்னவள் மாதிரி.

அவன் திரும்பி வந்தான். தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

காவல் நிலையம். பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அங்கேயே போன் செய்து வாலுவிடம் பேசினார். "நல்லாத்தான் இருக்கேன், அக்காவுக்கு என்மேல பாசம் ஜாஸ்தின்னு சொல்றாங்களே மேடம். நாங்க என்ன பண்றது?" பிறகு முகவரிக்காக என் பெயரைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா அது! என் பொண்ணு வேந்து பைத்தியம்."

மகளுக்கென்று நீட்டிய தாளில் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். போட்டேன். ஏன் போட்டேன்?

தெருமுனைக் கடைக்கார அம்மாவிடம் என் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "அந்தப் பொண்ணு இப்பல்லாம் கடைக்கு வர்றதே இல்லையே" என்றார். சீட்டைப் பத்திரமாக டப்பாவில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

மூன்றாம் பாகம் எப்போது என்று எடிட்டர் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய். கடிதங்களை இரண்டு நாளுக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டாம், தினமும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டுக்கு வந்துவிடுகிறது. வாசகர்கள்மேல் எனக்கு அக்கறை வந்துவிட்டது என்று எடிட்டருக்கு ரொம்பச் சந்தோஷம்.

இன்று அறுபத்து நான்கு. ஒன்று விடாமல், திட்டுவதையும் கொஞ்சுவதையும் கடைசி வரிவரை படித்தேன். வேந்தன் ஐம்பத்தொன்று, இளவரசி ஒன்பது. வைத்தியன் நான்கு, பாவம், ஒன்று கூடியிருக்கிறது.

தோழி இல்லை.

காரில் பெட்ரோல் நிரப்பியாயிற்று. சாவி கணினி பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக்கும் பன்னிரண்டு மணிக்கு வரும்.