இரட்டைப் பனைக்கு நேரே

இஞ்சாருங்கோ, உங்கள் சிநேகிதர் இன்று மல்வேர்னில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஹியூரன் ஏரியில் தானே பிடித்துப் புகை போட்ட மீன் கொண்டுவந்தார். குசினி முழுக்க அந்த மணம். ஆசையாய்த் தின்ன நீங்கள் இல்லாமல் மேசையில் கிடக்கிறது.

அவரை நீங்கள் சிநேகிதம் பிடித்த கதையை நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம்தான் வரும். ஒரு கோடையில் எல்லாரும் அந்த ஏரிக்குத் தூண்டில் போடப் போனோம். நீங்கள் மட்டும் தூண்டிலைத் தொடவில்லை.

"இது ஆரின்ரை பாடு? கேக்காமல் எப்பிடிப் போடுறது?"

"லைசென்ஸ் இருக்கண்ணை, பேசாமல் போடுங்கோ" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

மன்னாரில் உங்கள் குடும்பத்துக்கென்று வலை இழுக்கும் கடல்துண்டு ஒன்று இருந்தது. அதைத்தான் பாடு என்பீர்கள். அடுத்தவர் பாட்டில் கேட்காமல் கைவைக்க மாட்டீர்கள். கட்டின பெண்சாதியை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, கரையில் வலை காயப்போட்ட அந்தப் பூர்வகுடிக் கிழவரிடம் அரைகுறை இங்கிலீசில் அனுமதி கேட்கப் போனீர்கள்.

அவர் வலையை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தார். தன்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். தங்கள் முன்னோர் அரசாங்கத்துக்கு நிலத்தைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், தண்ணீரைக் கொடுக்கவில்லை என்று அவருடைய சனம் வழக்குப் போட்டிருந்தது. தண்ணீரில் எல்லை எங்கே, காட்டு என்று கோர்ட்டில் கேட்கிறார்களாம்.

"இதென்ன விசர்க் கேள்வி!" என்று மணலில் குந்திவிட்டீர்கள். கடலில் நின்று பார்க்கக் கோயில் சிலுவையும் இரட்டைப் பனையும் ஒரே நேரில் தெரிகிற கோடுதான் உங்கள் எல்லை என்று கீறிக் காட்டினீர்கள். அவர் தன் எல்லைக்கு ஒரு பாறையையும் பட்ட மரத்தையும் கீறினார்.

அந்த மாரியில்தான் ஊரிலிருந்து செய்தி வந்தது. கடலில் இறங்கத் தடை, கரையில் படையினரின் காவலரண். இரட்டைப் பனையைத் தறித்து அதற்குப் போட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு நீங்கள் மீன் தொடவில்லை. நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒரே புலம்பல்.

"பனை இல்லையெண்டால் என்ரை பாட்டை எப்பிடியப்பா காட்டுறது?"

"உந்தக் கதையை விட்டிட்டுக் கஞ்சியைக் குடியுங்கோ" என்றேன். வெளியே போய் நின்று அழுதேன். அந்தக் கட்டிலிலிருந்து நீங்கள் எழும்பி வரவேயில்லை.

வழக்கு இன்னும் இழுபடுகிறது என்று அவர் இன்று சொன்னார். பிறகு மேசையில் சிந்திக் கிடந்த ரொட்டி மாவைக் கையால் பரப்பி ஒரு சிலுவை கீறினார். அதற்குப் பின்னால் இரண்டு மரம். சரிதானே என்று என்னைப் பார்த்தார். மரங்கள் கொஞ்சம் விலகியிருந்தன. நான் விரலால் சிலுவைக்கு நேரே கிட்டக் கொண்டுவந்து, கடல்பக்கம் கோட்டை இழுத்துவிட்டேன்.

வள்ளத்தில் ஒருநாளும் ஏறாதவள் நான். உங்கள் பாட்டைக் காட்ட ஊரில் இனிப் பனை இல்லை, அப்பா. இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.