தண்ணீர்: இல்லை

வைகாசி 4, ஞாயிறு
காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். காட்டாமணக்கு அளக்கிற நாள். டேப், பேனா, கம்பெனி கொடுத்த நோட்டு. தண்ணீரே விடாமல் எங்கள் எரியோட்டுப் பொட்டலில் எண்ணெய்ச்செடி வளருமா என்று சோதனை. வாராவாரம் என் கையெழுத்தில் ஒரே வரி: ‘தண்ணீர்: இல்லை’.

மூன்றாம் வரிசையில் செடியடி மண் ஈரம். அடுத்த செடியும். மழை பெய்து இரண்டு மாதம்.

வீட்டுக்கு வந்தால் இவர் மொபெட் சக்கரத்தில் சேறு, பின்னால் குடம் கட்டுகிற கயிறு. கேட்டேன். ஒளிக்கத் தெரியாத மனுஷன்.

“பங்குனியிலேருந்து ஊத்துறேன் புள்ள. தெனம் ஒரு வரிசை. கண்ணு முன்னாடி வாடுது, எப்படிப் பாத்துக்கிட்டு நிக்க?”

“செத்தா செத்துச்சுன்னு எழுதுங்கன்னு கம்பெனி சார் சொன்னாருல்ல? நீங்களுந்தான தலைய ஆட்டுனீங்க!”

“அவரு சொல்லுவாரு. நட்டது நாந்தான?”

கம்பெனி நோட்டில் இன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

வைகாசி 5, திங்கள்
பால் வரவில்லை. கடுங்காப்பி. சரியான தூக்கமும் இல்லை.

எங்கேயோ எண்ணெய்ப்பனை வைக்க மழைக்காட்டையே அழிக்கிறார்களாம். பொட்டலில் இந்தச் செடி வந்துவிட்டால் அங்கே மரம் விழ வேண்டாம் என்று சார் முதல் நாள் சொன்னார். பார்த்தே இராத காட்டுக்கு நான் காவல் என்று அன்றைக்கு ஒரே பெருமை. இப்போது அந்த நோட்டைத் துணிக்கடியில் தள்ளி வைத்தேன்.

மத்தியானம் அகரத்திலிருந்து தம்பி முருகன் போன்.

“அக்கா, உன் செடியப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணேன். மூணு ஏக்கர் மானாவாரியும் இதுதான். கம்பெனிக்கு அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப்போறேன். இனி சோளம் கெடையாது, ஆட்டுக்குப் போட சோளத்தட்டை கெடையாது. ஆடு அம்புட்டையும் புதன்கிழமை வித்துர்றேன்.”

“செத்த பொறுடா.”

ஏன் என்றான். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். என்ன அக்கா நான்!

வைகாசி 6, செவ்வாய்
வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, இவருக்குச் செருப்பு.

சொன்னால் இவருக்கு அவமானம், என் நோட்டு வேலையும் போகும். சொல்லாவிட்டால் தம்பி பிழைப்பில் மண். வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்க வைத்த வெஞ்சனத்தை இவர் தொடவே இல்லை.

“நாளைக்கு சார் வாராருல்ல?” என்றார்.

வைகாசி 7, புதன்
சார் வந்தார். கையெழுத்துப் போடத் தம்பியும். ஆட்டு வியாபாரியைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறானாம்.

சார் இலையைத் தடவித் தடவிப் பார்த்தார். “சொட்டுத் தண்ணி இல்லாம இப்படியா! இதை வச்சே ஊர் ஊரா போடலாம்மா.”

தம்பி பேனா மூடியைத் திறந்தான்.

“தண்ணி ஊத்திருக்கு சார். நோட்டுல இருக்கிறது பொய்.” என்றேன்.

யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

சார் கத்தியிருந்தால் தேவலை. “ஒரு வருசம் போச்சேம்மா,” என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் நிலம் இனி சோதனையில் இல்லை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். ஆட்டை விற்றானா, தெரியவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்று தடவை.

வைகாசி 8, வியாழன்
மேகம். மழை இல்லை.

காலையில் தம்பியிடமிருந்து ஒரு போட்டோ. ஆடுகள் தட்டை தின்கின்றன. ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அளக்க வேண்டாம். செடி இனி யாருக்கும் வேண்டாம். வாசலில் மொபெட் சத்தம். எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில் இவர் குடம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே?”

“ஆமா. இனி ஒளிஞ்சு போக வேண்டாம்ல.”

தண்ணீர்: இரண்டு குடம்.