கால்கள் மட்டும் நிற்கும் சுவர்

என் ஆசை மச்சாள் சுகிக்கு,

நீ விட்டுப்போன கொக்குகளுக்கு இன்னும் உடம்பு வரவில்லை. பாலர் பாடசாலைச் சுவரில் கால்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மேல்பாதியை முடிக்க நீ தனியாக ஏறிய அன்று ஏணி வழுக்கியது. அதோடு நீ இல்லை. பிறகு அந்தச் சுவரைத் தொட ஒருவரும் துணியவில்லை.

இப்போது என் மகள் அங்கேதான் படிக்கிறாள். "அம்மா, இந்தக் காலெல்லாம் ஆருட?" என்று கேட்கிறாள். "மாமிட" என்று சொல்ல வாயெடுத்து, பயந்து பேச்சை மாற்றிவிட்டேன்.

விடுமுறை முடிவதற்குள் யாரும் படத்தைக் கீறி முடிக்காவிட்டால் சுண்ணாம்பு அடித்துவிடுவார்களாம். ரீச்சர் வீட்டுக்கே வந்தா. "நீங்களும் அவவோட ஒண்டாச் சித்திரம் படிச்ச ஆள்தானே, நீங்க கீறுங்களன்." ஓம் என்றுவிட்டேன். ஆனால் ஏணியில் இரண்டு படி ஏறியதும் இறங்கிவிடுகிறேன், மச்சாள். நானும் விழுந்தால் மகளுக்கு ஆர்? ஏறாமல் விட்டால் உன் கால்களும் போய்விடுமே?

கோட்டை வாசல் வளைவைக் காணும்போதெல்லாம், "கொக்கு கழுத்த வளைக்குது பார்" என்பாயே. அதை நம்பிப் புளியந்தீவிலுள்ள அந்தக் கோட்டைக்குப் போனேன். வெயிலில் நின்று அந்த வளைவைக் கீறிக்கொண்டேன். கழுத்து கிடைத்துவிட்டது. ஏறத்தான் துணிவு கிடைக்கவில்லை.

வழி கிடைத்தது காத்தான்குடியில், நாம் சேலைக் கரை நெய்யக் கொடுத்த, ராத்தா என்று கூப்பிடும் நெசவுக்கார அக்கா வீட்டில். அவ இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. நெய்த துணிதான் சுற்றிச் சுற்றி அவ மடிப்பக்கம் வந்துகொண்டிருந்தது. நானும் ஏறாமல் துணியிலே கீறினால் என்ன என்று பார்த்தபடி நின்றேன். "என்ன தங்கச்சி, தறியில பேயக் கண்டாப்போல நிக்கிறீங்க?" என்று சிரித்தா.

தடித்த வெள்ளைத் துணி நெய்வித்தேன். விறாந்தையில் விரித்து, நிலத்தில் குந்தியிருந்தே கொக்குகளைக் கீறினேன். சுவரின் மேல்பாதியில் தொங்கவிட்டால் உன் கால்களோடு பொருந்தும். மழைக்குக் கழற்றி வைக்கலாம் என்றதும் ரீச்சர், "அப்ப கொக்குக்கும் மழைக்கு லீவா?" என்றா. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. துணியைக் கட்ட ஓராள் ஏறத்தானே வேண்டும்? "நான் ஏறுறன், நீ பயப்பிடாத" என்கிறார் மகளின் அப்பா. இப்போது என் பயமெல்லாம் அவர்மேல். நாளைக் காலை கட்டுகிறோம். கூரையில் தூறல் கேட்கிறது. அன்றும் தூறல்தானே, மச்சாள்? விடியுமுன் நிலம் காயுமா?

உனக்கு அன்று ஏணியைப் பிடிக்க ஆளில்லை. நாளை நான் பிடிப்பேன், இரண்டு கையாலும். நிலம் ஈரமென்றால் ஏறவே விடமாட்டேன். ஏறினால், மகள் அழுதாலும், ரீச்சர் கூப்பிட்டாலும், அவர் கால் நிலத்தில் படும்வரை கையெடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவளிடம் சொல்வேன், அந்தக் கால்கள் ஆருடையவை என்று.

ஏணியடியில் நிற்கப்போகும்
உன் மச்சாள்,
தர்ஷி