தொண்டைக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நூற்றெண்பது கோப்பை. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து வரும் சாம்பிள் எல்லாவற்றிலும் ஈரம். பாதிக்கு மேல் மந்தமான தேயிலை. நாலு மணிக்கெல்லாம் நாக்கு பழைய செருப்பு மாதிரி ஆகிவிட்டது. தோப்பும்படி பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது வேறு.

பஸ்ஸில் இருக்கும்போது ஜிதின் கூப்பிட்டான். இரண்டு வருஷம் முன்புவரை எங்கள் தேயிலைக் கம்பெனியில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ருசி பார்த்தவன். இப்போது பெங்களூரில் பீர் போட்டிகளுக்கு நடுவர். அங்கே ஒரு சின்ன பீர் கம்பெனி ஸ்காட்லாந்து பாணியில் ஏல் என்று ஒரு வகை பீரைக் காய்ச்சுகிறதாம். மூன்று பேர் தனித்தனியாகக் காய்ச்சியிருக்கிறார்கள். அதில் ஒன்றை மட்டும் கொச்சியில் விற்பார்கள். அதைக் காய்ச்சியவனுக்கு வேலை நிரந்தரம். மற்ற இருவருக்கும் அடுத்த மாதத்தோடு சரி.

ருசி பார்த்து மார்க் போட மூன்று பேர். ஜிதின், ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் செஃப்பாக இருக்கும் ஒச்சப்பன், மூன்றாவது நான்.

"சீதச்சேச்சி, பீர் அறியாத நாக்கு ஒண்ணு வேணும். பக்ஷே நல்ல நாக்கா வேணும்" என்றான்.

புகழ்ந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆசை வந்துவிட்டது. இவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

ஜூன் 5, வியாழன்

சொல்லிவிட்டேன். சிவராமகிருஷ்ணன் என்கிற இந்த மனிதருக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது. மோர்சாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையலம்பப் போய்விடுவார். போனார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய அண்ணா வெங்கிடேஸ்வரன் குடித்தே போனார், நாற்பத்தொரு வயதில். பதினொரு வருஷம் ஆகிறது. ஜூ டவுன் தெருமுனையில் விழுந்து கிடந்தவரை இவர் எத்தனை நாள் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணா பெயரையே இந்த வீட்டில் எடுப்பதில்லை. திவசத்தன்று மட்டும், அதுவும் மந்திரத்தில்.

ஈரக்கையோடு வந்து, "எந்தாக்கும் இது, சீதே? இந்த ஆத்துலேந்தா?" என்றார்.

"குடிக்கப் போகலைன்னா. தேயிலை மாதிரிதான். வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன்."

கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். "நாக்கோட நிக்கணும். தொண்டைக்கு இந்தப் பக்கம். சத்தியம் பண்ணு."

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இருபத்துமூன்று வருஷமாகத் துப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். இதில் என்ன கஷ்டம்?

ஜூன் 14, சனி

ஹோட்டல் மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு. மேஜையில் வெள்ளைத் துணி, நடுவில் தட்டு நிறையக் காய்ந்த ரொட்டித் துண்டு. என் துப்பும் குவளையை நானே கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்து ஒச்சப்பன் சேட்டன் சிரித்தார். சிரிக்கட்டும்.

பீர் என்றால் மஞ்சளாக, ஜில்லென்று, நுரை வழிய இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது செம்பழுப்பு. அவ்வளவு குளிர்ச்சியும் இல்லை. அதிகம் குளிர்ந்தால் வாசனை ஒளிந்துகொள்ளுமாம். ஸ்காட்லாந்து என்றவுடன் எல்லோரும் புகை வாசனையைத் தேடுவார்கள், அதைத் தேடாதீர்கள், இதில் பேச்சு முழுக்க வறுத்த தானியமும் பாகும்தான் என்றான் ஜிதின். யார் காய்ச்சியது எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது. கோப்பையில் எண் மட்டும்.

என் சீட்டிலிருந்து:

ஒன்று – தண்ணி. ஆறின பார்லிக் கஞ்சி. 5.

இரண்டு – வெண்ணெய் உருக்கும்போது அடுக்களையில் வருமே அந்த வாசனை. நாக்கில் வழவழப்பு. எனக்கு மிகவும் பிடித்தது. 9.

மூன்று – மூக்கில் நன்றாக இருக்கிறது. முறுகின வெல்லப்பாகு, வறுத்த அரிசி. வாயில் வைத்தால் இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது. முடிவு இல்லை. 4.

ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் இவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். முகர்ந்து பார்த்தார் போலிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மழை. இட்லி மாவு பொங்கி வழிந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஜிதின் கூப்பிட்டான். இரண்டாவது கோப்பைக்கு மொத்தம் 22. மூன்றாவதுக்கு 21. ஒரே ஒரு மார்க். மூன்றாவதுக்கு அவன் 9 போட்டிருக்கிறான், ஒச்சப்பன் 8. நான்தான் 4.

"சேச்சி எல்லாத்தையும் துப்பினதல்லே?"

"பின்னே? குடிப்பேன்னு நினைச்சியா?"

"தேயிலைக்கு அது மதி, சேச்சி. இதுக்குப் போறாது. கைப்பு தொண்டைலதான் தெரியும். பீருக்கு மார்க் போடறவா யாரும் துப்பமாட்டா."

பீர் கம்பெனி முதலாளி வரும் முப்பதாம் தேதி முடிவில் கையெழுத்துப் போடுவாராம். மார்க்கை மாற்றச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன் என்றான். அப்புறம் இன்னொன்று: அந்த வெண்ணெய் வாசனை பீரில் ஒரு குறையாம். கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாமாம், இத்தனை ஆகாதாம்.

உருக்கின வெண்ணெய் வாசனை குறையா? இதை எங்கள் மனுஷாளிடம் போய்ச் சொல்லட்டும், அடித்தே அனுப்புவார்கள்.

ஜூன் 19, வியாழன்

கோபம் தணியவில்லை. என் நாக்கை நம்பி எத்தனை தோட்டத்துத் தேயிலைக்கு விலை வைத்திருக்கிறார்கள்! நேற்று வந்த பயல் எனக்குச் சொல்லித் தருகிறான். துப்பினால் பாதிதான் தெரியுமாம். பாதி தெரிந்தா இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்? போடா.

ஜூன் 22, ஞாயிறு

இவருக்கு ஜலதோஷம். சுக்கு நிறையத் தட்டிப் போட்டு, வெல்லம் சேர்த்துக் காப்பி வைத்தேன். தித்திப்பு போதுமா என்று பார்க்க ஒரு கரண்டி வாயில் விட்டு, வழக்கம்போல உருட்டி, தொட்டியில் துப்பினேன். அலுவலகப் பழக்கம் அடுக்களைக்கும் வந்துவிட்டது. ஒரே வெல்லம். சுக்கு போறாது போலிருக்கே என்று இன்னொரு துண்டைத் தட்ட எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றது. இன்னொரு கரண்டி எடுத்து விழுங்கினேன்.

தொண்டையில் சுக்கு பிடித்தது. வெல்லம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாய் சுத்தமாகக் காய்ந்து, இன்னொரு வாய் வேண்டும் என்றது.

ஐயோ. அந்த மூன்றாவது கோப்பை. முடிவு இல்லைன்னு எழுதினேனே – முடிவுக்கு நான் போகவே இல்லையே! பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்கிட்டு ஊரே இல்லைன்னு சொன்ன கதை. அதுல ஒருத்தன் பொழைப்பு இருக்கே.

ஜூன் 23, திங்கள்

ஜிதினிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. முதலாளியைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தான். சனிக்கிழமை மறுபடி பார்க்கலாம். மூன்று கோப்பையும், எண்ணை மாற்றி. ஆனால் விழுங்க வேண்டும். இல்லையென்றால் பழைய மார்க்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். நியாயம்தான்.

மூன்றாவதின் மார்க்கைத் தூக்கினால் இரண்டாவதைக் காய்ச்சியவனுக்கு வேலை போகும். அவனும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. எப்படிப் பார்த்தாலும் ஒருவனுக்குப் போகத்தான் போகிறது. சரியான ஆளுக்காவது கிடைக்கட்டும்.

இவரிடம் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம், இருமுகிறார்.

ஜூன் 26, வியாழன்

சொன்னேன். சுக்குக் காப்பி விஷயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "என் சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. மூணு வாய். அதுக்கு மேல இல்லை" என்றேன்.

"வேற யாரையாவது கூப்பிடச் சொல்லு."

"தப்புப் பண்ணினது நானாக்கும். வேற யார் வந்து திருத்துவா?"

"அண்ணாவும் மூணு வாய்னுதான் சொல்லுவான்."

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

ஜூன் 28, சனி

போனேன். விழுங்கினேன்.

முதல் கோப்பையில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன், ஊசி போட்டுக்கொள்பவள் மாதிரி. அது அந்த வெண்ணெய்க்காரன். விழுங்கியபின் தொண்டையில் எண்ணெய் தடவியதுபோல் இருந்தது, ரொட்டி தின்றும் போகவில்லை. 6. நடுவில் வந்தது பழைய தண்ணி. 5. கடைசிக் கோப்பையில் அந்தப் பாகு வந்து வழக்கம்போல உட்கார்ந்தது. விழுங்கினேன். எழுந்து போயிற்று! பின்னாலேயே வறுத்த தானியத்தின் ஒரு வறட்சி, கொஞ்சம் கசப்பு, அப்புறம் சுத்தம். 8.

8 போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒச்சப்பன் சேட்டன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே இவரிடம் சொன்னேன், "விழுங்கினேன். மூணு வாய்." தலையை ஆட்டினார். படுக்கையைக் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவதுதான் ஜெயித்தது. காய்ச்சியவன் பெயர் சஜி, இங்கே வைப்பின் தீவுக்காரனாம். இரண்டாவதைக் காய்ச்சியவன் பெயரை நான் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

"உப்பு எடு", "கேஸ் வந்தாச்சு", "மின்சாரக் கட்டணம் கட்டியாச்சு." பதினொரு நாளில் பேசியது இவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்காலம் மணி அடித்தது. இவர்தான் கதவைத் திறந்தார். மெலிந்த ஒரு பையன், முப்பது வயதிருக்கும், கையில் துணிப்பை. சஜி. லீவில் ஊருக்கு வந்தவன், ஜிதினிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வைப்பினிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்திருக்கிறான். பையில் அவர்கள் உப்புநீர் வயலில் விளைந்த பொக்காளி அரிசி, இரண்டு கிலோ.

யார், என்ன என்று சொன்னவுடன் நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர், "உள்ள வரு, இரிக்கு" என்றார். அவரே போய்க் காப்பியும் கலந்துகொண்டு வந்தார்.

"சேச்சி ரெண்டாமதும் வந்து பாத்தீங்கன்னு ஜிதின் சேட்டன் பறஞ்சு" என்றான் சஜி. "அவசானம் வர்ற அந்தக் கைப்பு வேண்டாம், எடுத்துடுன்னுதான் எல்லாரும் பறஞ்சது. நான் விட்டில்லா."

பத்து நிமிஷம் இருந்துவிட்டு, இருட்டும் முன் ஃபெர்ரி பிடிக்க வேண்டும் என்று கிளம்பினான்.

இவர் தம்ளர்களை எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "விழுங்கறப்போ கசந்துதா?" என்று கேட்டார்.

"கசந்தது. கடைசியில. கொஞ்சம்."

"அண்ணா ஒரு நாளும் கசந்துதுன்னு சொன்னதில்லை."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிவரைக்கும் அண்ணாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.