பழைய ஓட்டையில மாட்டின ஒயர்

வாலில்லாத என் குரங்குக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்க அம்மாவும் தினம் ஒரு சண்டை போடற அளவுக்குத் தெம்பா இருக்கோம், நீயும் அப்படித்தான் இருக்கியான்னு எழுது. போன்ல சொல்லலாம், ஆனா போனை எடுத்தா உங்க அம்மா முந்திக்கிட்டு என் கதையை அவ கதையா சொல்லிடுவா, அதான் பேனாவைப் பிடிச்சேன். பிழை இருந்தா கண்டுக்காத, நான் ஏழாங்கிளாஸைப் பார்த்தவன், ஏழாங்கிளாஸ்தான் என்னைப் பார்க்கல.

போன மாசம் நீ பேசும்போது, ஆபீஸ் விட்டு ரூமுக்கு வந்தா பேச ஆளில்லப்பா, கம்ப்யூட்டர்ல ஆடற துப்பாக்கி ஆட்டத்துக்குக் கூட ஜோடி வேணும், கூட ஆடின பொண்ணும் நிறுத்திட்டா, பேசாம வேலையை விட்டுட்டு வந்துடலாமான்னு இருக்குன்னு சொன்னே. சொல்லிட்டு, சும்மா சொன்னேன்னு சிரிச்சே பாரு, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஷெட்டுல எஞ்சின் சத்தம் கேட்டவன்டி நான், எது சும்மா வர்ற சத்தம், எது உள்ள ஏதோ தேஞ்சு வர்ற சத்தம்னு தெரியாதா. அந்த ஜோடி நாமளே ஆயிடறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நீ விட்டுட்டுப் போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, பழைய சாமான் விக்கிற கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரன் என்னை மேலயும் கீழயும் பார்த்து, பேரனுக்கா பெரியவரேன்னான். எனக்குத்தான், பொண்ணு கூட சேர்ந்து நாலு பேரைச் சுடணும்னேன். ஒரு அடி பின்னால போயிட்டான். அப்புறம் விஷயம் புரிஞ்சு, கேமுக்கு, ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்பற கிராபிக்ஸ் கார்டு போடணும், மெமரி கூட்டணும், கரண்ட் குடுக்கற பவர் சப்ளை அத்தனை லோடு இழுக்காது, அதையும் மாத்தணும்னான். எல்லாம் பழசாவே குடுப்பா, போடற ஆளும் பழசுதானேன்னேன். அதுக்கே கையில பத்தல. உங்க அம்மாகிட்ட வாஷிங் மெஷினுக்குச் சேர்த்து வச்சதைக் கேட்டேன். எதுக்குன்னு சொன்னதும் சண்டையே போடாம எடுத்துக் குடுத்தா, எனக்கே பயமாப் போச்சு. அப்புறம்தான் சொல்றா, மெஷின் வர்ற வரைக்கும் துவைக்கறது நீங்கதான்னு. இப்ப என் சட்டையை விட என் கை வெளுப்பா இருக்கு.

பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு கலர் நூல் கட்டி, எது எங்க இருந்துச்சுன்னு காலண்டர் தாள் பின்பக்கம் எழுதி வச்சேன். கழட்டின இடத்துலயே மாட்டணும், அது எங்க ஷெட்டு வேதம். கார்டு பார்த்தா பெட்டிக்குள்ள ரெண்டு விரக்கடை இடிக்குது. கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். உள்ள இருந்த போர்டை எல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டு, பெட்டிக்குள்ள முன்பக்கம் சும்மா கிடந்த இரும்புக் கூண்டை ஆக்சா பிளேடால அறுத்து அரம் போட்டுட்டேன், இப்ப கார்டு கால் நீட்டிப் படுத்திருக்கு. எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்க்ரீன் மட்டும் கரிச்சட்டி மாதிரி கறுப்பு. மூணு நாள் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன். கடைக்காரன் வெளியூர் போயிட்டான். வாஷிங் மெஷினும் போச்சு, பொண்ணுக்கு ஜோடியும் போச்சுன்னு சோறு இறங்கல எனக்கு. மூணாம் நாள் உங்க அம்மா பெருக்க வந்தவ, குனிஞ்சு பெட்டி முதுகைப் பார்த்துட்டு, ஏங்க, புதுசா வாங்கினதுல மூணு ஓட்டை இருக்கு, ஒண்ணுலயும் ஒயரைக் காணோமே, காசு குடுத்தது சும்மா உக்காந்திருக்கு, இந்த வீட்டுல அப்படி ஒருத்தர் போதாதான்னா. பார்த்தா, ஸ்க்ரீன் ஒயரை சிவப்பு நூல் பார்த்து, வேதம் தவறாம, பழைய போர்டு ஓட்டையிலயே மாட்டியிருக்கேன். உருவி கார்டுல சொருகினேன், பளிச்னு படம் வந்துச்சு. புதுசு வந்தா ஒயரும் இடம் மாறணும்னு இந்த வயசுல கத்துக்கிட்டேன்.

உனக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வேலை பிடிக்கலன்னா வா, கதவு திறந்திருக்கு, ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா ஆளில்லைன்னு மட்டும் வராத. ஆள் இருக்கு. இன்னொரு சங்கதி, என் வலது கை விரல் நடுங்குது, மவுஸைப் பிடிச்சா துப்பாக்கி வானத்தைப் பார்க்குது. அதனால கீபோர்டு எனக்கு, மவுஸ் உங்க அம்மாவுக்கு. நடக்கறது நான், சுடறது அவ, வீட்டுலயும் அதானே நடக்குது. நேத்து பழகும்போது பதினோரு பேரை விழவச்சுட்டு, நம்ம பொண்ணைச் சுட எவன் வருவான், அவனை எனக்குக் காட்டுங்கன்னு கேக்கறா.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்க்ரீன்ல மூக்கு இடிக்கற மாதிரி உக்காராத. நூறு வருஷம் நல்லா இரு, எங்களைத் தவிர எல்லாரையும் ஜெயி. இந்தக் கடிதம் வந்து சேர்ற வாரம் ஞாயித்துக்கிழமை, நீ இருக்கற நாட்டு நேரத்துக்கு சாயங்காலம் ஏழு மணி, மறந்துடாத. ஜோடிக்கு ஒருத்தர் கேட்டே, ரெண்டு பேர் வர்றோம்.

உன் அப்பா
(நடக்கறது மட்டும்)